நடுவர் மன்றத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்ட மனு: ஒரு சாலை மறியல் வழக்கின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2017 கோடையில் தென் மாவட்டக் கிராமம் ஒன்றில் வாரக்கணக்கில் குடிநீர் வரவில்லை. ஒரு காலையில் ஊர் மக்கள், பெரும்பாலும் பெண்கள், காலிக்குடங்களோடு சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் போல மறியல் நடந்தது. வட்டாட்சியர் வந்து பேசியதும் கலைந்தார்கள். கல்வீச்சு இல்லை, கைகலப்பு இல்லை. அதன் பிறகும் 22 பேரைக் காவல்துறை வேனில் ஏற்றித் திருமண மண்டபம் ஒன்றில் வைத்திருந்து, பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு மாலையில் விட்டது.

அன்றே உதவி ஆய்வாளர் தம்முடைய சொந்த அறிக்கையின் பேரில் முதல் தகவல் அறிக்கை பதிந்தார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 341 (முறையற்ற தடுப்பு), 188 (பொது ஊழியர் முறையாகப் பிறப்பித்த உத்தரவை மீறுதல்) ஆகிய மூன்று பிரிவுகள். தமிழ்நாட்டில் மறியல் என்றாலே அப்போது சேர்ந்து வந்த மூவர் இவர்கள்.

ஊர் அதை மறந்துவிட்டது. 2019இல் நடுவர் (மாஜிஸ்திரேட்) மன்றத்திலிருந்து சம்மன் வந்தபோதுதான் வழக்கு உயிரோடு இருப்பது தெரிந்தது. காவல்துறையின் இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை), சம்பவம் நடந்து ஒன்றரை ஆண்டுக்கும் மேல் கழித்துத் தாக்கலாகியிருந்தது.

எங்களிடம் வந்தபோது

முதல் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல்வர்), கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டப் புத்தகம் வாங்கிப் படிக்கிற வழக்கம் உள்ளவர். எங்களிடம் வருவதற்கு முன்பே வேறொரு வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு ரிட் மனு போட்டிருந்தார். அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ், நடுவர் மன்றம் இந்த வழக்கை மேற்கொண்டு நடத்தக் கூடாது என்று தடையுறுத்தும் நீதிப்பேராணை (ரிட் ஆஃப் ப்ரொஹிபிஷன்) பிறப்பிக்க வேண்டும் என்பது கோரிக்கை. பதிவகம் அதற்கு எண் கொடுக்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவில் (வழக்கையே ரத்து செய்யும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்பது) பரிகாரம் இருக்கும்போது இந்த மனு எப்படி நிலைக்கத்தக்கது என்று கேட்டுத் திருப்பியிருந்தது.

அவருடைய கேள்வி நேரடியானது. “ஏன் சார், கீழ்க்கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லைன்னா, நிறுத்துன்னு ஹைகோர்ட் எழுத முடியும்ல? அதுக்குத்தானே அந்த ரிட்டு இருக்கு?”

கேள்வியில் தப்பில்லை. பாதி சரியான கேள்வி என்பதுதான் சிக்கல்.

கூட வந்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் ஒன்றில் தேர்வாகியிருந்த வெல்டர். பாஸ்போர்ட் விண்ணப்பம் காவல்துறைச் சரிபார்ப்பில் நின்றுபோயிருந்தது. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதை மறுப்புக்கான காரணமாகச் சொல்கிறது. 1993ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்றின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால் குறிப்பிட்ட காலத்துக்கு பாஸ்போர்ட் கிடைக்கும். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அனுமதி இல்லை, வழக்கே இல்லை என்கிற நிலை. இந்த வேறுபாடு பின்னால் முடிவைத் தீர்மானித்தது.

கோப்பில் கண்டவை

சான்றிட்ட நகல்கள் வந்ததும் முதலில் தேடியது 188ஆம் பிரிவுக்கான உத்தரவை. எந்த உத்தரவு மீறப்பட்டது, யார் பிறப்பித்தது, எப்படி அறிவிக்கப்பட்டது என்பதற்குக் கோப்பில் ஒரு தாளும் இல்லை. “தடை உத்தரவு அமலில் இருந்தபோது” என்ற ஒரு வரிதான் இருந்தது.

அடுத்தது புகார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195(1)(ஏ) பிரிவின்படி, இ.த.ச. 172 முதல் 188 வரையிலான குற்றங்களை, சம்பந்தப்பட்ட பொது ஊழியரோ அவருக்கு மேலுள்ள அதிகாரியோ எழுத்தில் புகார் கொடுத்தாலொழிய எந்த நீதிமன்றமும் கோப்புக்கு (விசாரணைக்கு) எடுக்க முடியாது. இங்கே இருந்தது காவல்துறையின் இறுதி அறிக்கை மட்டும்.

மூன்றாவது காலக்கெடு. மூன்று பிரிவுகளில் கூடுதல் தண்டனை உள்ளவற்றிலும் உச்ச வரம்பு ஆறு மாதச் சிறைதான். ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு 468ஆம் பிரிவு ஓராண்டு வரம்பு வைக்கிறது. இறுதி அறிக்கை அதைத் தாண்டி வந்திருந்தது. தாமதத்தை மன்னிக்க 473ஆம் பிரிவின் கீழ் அரசுத் தரப்பு மனு எதுவும் போடவில்லை. நடுவரின் உத்தரவு, பிரிவுகளின் எண்களை மட்டும் கையால் நிரப்பிய ரப்பர் முத்திரை.

நான்காவதாக, சாட்சிப் பட்டியல். காவலர்கள், கிராம நிர்வாக அலுவலர், மகஜர் (சம்பவ இடக் குறிப்பு) சாட்சிகள். தடுக்கப்பட்டதாகச் சொல்லும் ஒரு பேருந்து ஓட்டுநர்கூட இல்லை.

தடையுறுத்தும் நீதிப்பேராணை எங்கே நிற்கும்

இந்த ஆணை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எதிரே உள்ள நீதிமன்றத்துக்கோ தீர்ப்பாயத்துக்கோ இதைச் செய்ய அதிகாரம் உண்டா? வழக்கு நல்லதா கெட்டதா, சாட்சி போதுமா போதாதா என்பதற்குள் அது போவதில்லை. 1967இல் எஸ்.கோவிந்த மேனன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இந்த அதிகாரம் மேற்பார்வைக்கானது, மேல்முறையீட்டுக்கானது அல்ல. அதிகார எல்லைக்குள் இருந்துகொண்டு தவறாக முடிவு செய்வது எல்லை மீறல் ஆகாது. 2003இல் திருமலை திருப்பதி தேவஸ்தான வழக்கில் அதே நீதிமன்றம் காரணங்களை நான்காகச் சொன்னது: அதிகாரமின்மை அல்லது அதிகார மீறல், இயற்கை நீதிக்கு முரண், செல்லாத சட்டத்தின் கீழ் நடவடிக்கை, அடிப்படை உரிமை மீறல். இந்த ஆணை மிக அரிதாகவே பிறப்பிக்கப்பட வேண்டும், மேல்முறையீடு ரிட் வேடம் போட்டு வரக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதை வைத்து நம் கோப்பைப் பார்த்தால் குறைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்பது தெரியும். 195ஆம் பிரிவுத் தடை அதிகாரத்தின் வேரிலேயே இருக்கிறது. புகார் இல்லையென்றால் 188ஐப் பொறுத்தவரை நடுவரின் கை எழவே முடியாது. தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கான சி.முனியப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் இதை உறுதி செய்தது. கூடவே இன்னொன்றும் சொன்னது: 188இல் உள்ள இந்தக் குறை, அதே வழக்கின் மற்றக் குற்றச்சாட்டுகளைத் தொடாது.

ரிட் மனுவின் பலவீனம் இங்கேதான். அது முழு வெற்றி பெற்றாலும், அதிகாரம் மீறிய பகுதிக்கு மட்டும்தான் தடை கிடைக்கும். 143உம் 341உம் நடுவரின் எல்லைக்குள் உள்ள குற்றங்கள். அவற்றுக்குச் சாட்சி இல்லை, கூறுகள் பொருந்தவில்லை என்பதெல்லாம் தகுதி பற்றிய வாதங்கள். ரிட் அந்தப் பக்கம் திரும்பாது.

காலக்கெடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 468ஆம் பிரிவு ‘கோப்புக்கு எடுக்கக் கூடாது’ என்று கட்டளையாகத்தான் பேசுகிறது. 1981இல் சர்வன் சிங் வழக்கில், வரம்பு கடந்த வழக்கில் கொடுத்த தண்டனையே நிற்காது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 473, தகுந்த விளக்கம் இருந்தாலோ நீதியின் நலனுக்குத் தேவைப்பட்டாலோ அதே நீதிமன்றம் தாமதத்தைக் கடந்து போகலாம் என்கிறது. நடுவரே சரிசெய்யக்கூடிய ஒரு குறையை, அவருக்கு அதிகாரமே இல்லாமை என்று ரிட் மன்றத்தில் நிறுவுவது கடினம்.

ஓய்வு பெற்ற எழுத்தரான பெரியவரிடம் ஒரு நல்ல வாதம் இருந்தது. வர்த்தக முத்திரை பற்றிய 1998ஆம் ஆண்டு வேர்ல்பூல் தீர்ப்பின்படி, நடவடிக்கை முற்றிலும் அதிகாரமற்றதாக இருந்தால் மாற்றுப் பரிகாரம் இருப்பது ரிட்டுக்குத் தடை இல்லை. தீர்ப்பின் அந்தப் பத்தியை அவரே அடிக்கோடிட்டுக் கொண்டுவந்திருந்தார். எங்கள் பதில் இதுதான்: அந்தத் தீர்ப்பு கதவைத் திறக்கிறது, உள்ளே வரும்படி உயர் நீதிமன்றத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. மேலும் இங்கே எதிரே இருப்பது வர்த்தக முத்திரைப் பதிவாளர் அல்ல, நீதிமன்றம். நீதிமன்றத்தின் நீதிசார் உத்தரவுகளை 226இன் கீழ் எதிர்க்க முடியாது என்று 2015இல் ராதே ஷியாம் வழக்கில் சொன்னது உரிமையியல் நீதிமன்றங்களைப் பற்றித்தான். ஆனாலும் அரசுத் தரப்பு அதை எடுத்து வைக்கும், எண் வாங்கும் கட்டத்திலேயே மாதங்கள் கரையும்.

இன்னொரு கோளாறு, மனுவின் முதல் எதிர்மனுதாரராகக் காவல் ஆய்வாளரைக் காட்டியிருந்தது. தடையுறுத்தும் ஆணை நீதிசார் அல்லது பகுதி நீதிசார் செயல்களை நோக்கியது. குற்றப் புலனாய்வு நிர்வாகச் செயல். அதிலும், அவருடைய பங்கு இறுதி அறிக்கையோடு முடிந்துவிட்டது. முடிந்துபோனதைத் தடுக்க இந்த ஆணையில் வழியில்லை.

மூன்று வழிகள், எடுத்த முடிவு

ரிட்டைத் திருத்தி மறுபடி போட்டு, நிலைக்கத்தக்கதா என்பதை நீதிபதி முன் வாதாடலாம். நடுவர் மன்றத்திலேயே 258ஆம் பிரிவில் வழக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். 482இல் குவாஷ் மனு, அதாவது வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு போடலாம்.

258 எங்களுக்குப் பிடித்த வழியாக இருந்தது. இவை சம்மன் வழக்குக் குற்றங்கள், அதாவது தண்டனை குறைந்த குற்றங்கள். வாரண்ட் வழக்கில் இருப்பது போல விடுவிப்பு மனு இங்கே கிடையாது. காவல்துறை அறிக்கையில் தொடங்கிய சம்மன் வழக்கை எந்தக் கட்டத்திலும் காரணம் எழுதி நிறுத்த முதல் வகுப்பு நடுவருக்கு 258 அதிகாரம் தருகிறது. செலவு குறைவு, ஊருக்குப் பக்கம். ஆனால் முக்கிய சாட்சிகளை விசாரிக்கும் முன் நிறுத்தினால் அதன் விளைவு விடுவிப்புதான் (வழக்கிலிருந்து விடுவது), விடுதலை (குற்றவாளி இல்லை என்ற தீர்ப்பு) அல்ல. தவிர, இந்தப் பிரிவைப் பயன்படுத்த நடுவர்கள் தயங்குவது நடைமுறையில் எல்லோருக்கும் தெரிந்ததே.

ரிட்டா குவாஷா என்பதில் வெல்டருடைய பாஸ்போர்ட்தான் முடிவு சொன்னது. தடையுறுத்தும் ஆணை வழக்கை நிற்க வைக்கும், இல்லாமல் ஆக்காது. 188 மட்டும் நின்று 143 ஓடிக்கொண்டிருந்தால் சரிபார்ப்பு அறிக்கையில் ‘வழக்கு நிலுவையில்’ என்றுதான் வரும். 482 மனுவில் மூன்று பிரிவுகளையும் ஒரே மேசையில் வைக்கலாம். அதிகாரமின்மை, காலக்கெடு, குற்றக் கூறுகள் பொருந்தாமை என்று எல்லாவற்றையும் அங்கே பேசலாம். 1992இல் வெளியான பஜன் லால் தீர்ப்பின் வகைப்பாட்டில், வெளிப்படையான சட்டத் தடை உள்ள வழக்கும் வருகிறது, குற்றச்சாட்டை அப்படியே ஏற்றாலும் குற்றம் ஆகாத வழக்கும் வருகிறது.

மனுவின் தலைப்பு எதுவானாலும் நீதிமன்றம் சரியான அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்று பெப்சி ஃபுட்ஸ் வழக்கில் சொல்லியிருப்பதால், ரிட்டையே அப்படியே நடத்தலாமே என்ற யோசனையும் வந்தது. நாங்கள் ஏற்கவில்லை. கோரிக்கையும் எதிர்மனுதாரர்களும் மாற வேண்டியிருந்த ஒரு மனுவைச் சலுகை கேட்டுக் காப்பாற்றுவதைவிடப் புதிதாகப் போடுவது சுத்தம். பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. “அண்ணாச்சி, உங்க வாதம் வீணாப் போகல, இந்த மனுவில முதல் வாதமே அதுதான்” என்று வரைவைக் காட்டிய பிறகே கையெழுத்திட்டார்.

உயர் நீதிமன்றத்தில்

22 பேரில் ஒன்பது பேர் மனுதாரர்களாகச் சேர்ந்தார்கள். முதல் விசாரணையில் நடுவர் மன்ற நடவடிக்கைக்கு இடைக்காலத் தடையும் நேரில் வருவதிலிருந்து விலக்கும் கிடைத்தன. “தடைதானே சார் நானும் கேட்டேன்” என்றார் பெரியவர். உண்மைதான். அவர் தேடியது இன்னொரு பெயரில் முதல் நாளே வந்துவிட்டது.

இறுதி விசாரணையில் அதிக நேரம் எடுக்கவில்லை. 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பு முன்னே இருந்தது. 172 முதல் 188 வரையிலான குற்றங்களுக்குக் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, பொது ஊழியரின் எழுத்துப் புகார் வேண்டும், வெறும் அமைதியான போராட்டம் 143 ஆகிவிடாது என்பவை அதன் முக்கியப் பகுதிகள். எங்கள் வழக்கின் இறுதி அறிக்கை அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தாக்கலானது என்பதை நீதிபதி கவனித்தார். அரசுத் தரப்பு 188ஐக் கைவிட்டு, மற்ற இரண்டும் விசாரணையில் முடிவாகட்டும் என்றது. நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டவிரோதக் கூட்டம் எது என்பதற்கு 141ஆம் பிரிவு சொல்லும் பொது நோக்கங்களில் எதுவும் அறிக்கையில் இல்லை, தடுக்கப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை, காலக்கெடுவும் கடந்துவிட்டது என்று ஒன்பது பேரைப் பொறுத்தவரை வழக்கை முழுதாக ரத்து செய்தது. உத்தரவின் நகலை வைத்து வெல்டர் பாஸ்போர்ட் வாங்கினார்.

மனுவில் சேராதவர்கள்

இந்த நிகழ்வில் மற்றவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இந்தப் பகுதி என்பது என் எண்ணம்.

மீதி 13 பேரில் மூன்று பெண்கள், உயர் நீதிமன்ற மனு தாக்கலாகும் முன்பே ஒரு வாய்தாவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். கூலி போகிறது, பேருந்துச் செலவு ஆகிறது, கட்டினால் முடிந்துவிடும் என்று நீதிமன்ற வளாகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கட்டிய தொகை சிறியது. ஆனால் அது தண்டனைத் தீர்ப்பு. அவர்களில் ஒருவர் அங்கன்வாடி உதவியாளர். பிறகுதான் அதன் கனம் அவருக்குத் தெரிந்தது.

அவருக்காகப் பெரியவர் மறுபடி அந்தத் தடையுறுத்தும் ஆணையைப் பற்றிக் கேட்டார். இங்கே அந்த ஆணைக்கு வேலையே இல்லை. தடுப்பதற்கு ஏதாவது நிலுவையில் இருக்கும்வரைதான் அது. தீர்ப்பு வந்த பிறகு தேவைப்படுவது தீர்ப்பை நீக்கும் வழி. 1954 டிசம்பரில் ஹரி விஷ்ணு காமத் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இதுதான்: நடந்துகொண்டிருந்தால் தடுப்பது, முடிந்துவிட்டால் நீக்குவது. ஒப்புதலின் பேரில் வந்த தண்டனைக்கு, தண்டனையின் அளவையும் சட்டப்பூர்வத்தையும் தவிர வேறு எதற்கும் 375ஆம் பிரிவு மேல்முறையீடு தரவில்லை. மிச்சம் இருந்தது சீராய்வு, அதாவது கீழ் நீதிமன்ற உத்தரவு சரியா என்று மேல் நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்வது.

தாமத மன்னிப்பு மனுவோடு அமர்வு நீதிமன்றத்தில் சீராய்வு போட்டோம். 188க்கான தண்டனையை நீதிமன்றம் நீக்கியது. கோப்புக்கு எடுக்கவே முடியாத குற்றத்தை எதிரி ஒப்புக்கொண்டாலும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் பிறந்துவிடாது என்பது காரணம். 143க்கும் 341க்கும் வேறு நிலை எடுத்தது. காலக்கெடு மன்னிக்கத்தக்க குறை, அதைக் கீழே எழுப்பவில்லை, எனவே அபராதம் நிற்கும் என்றது. சர்வன் சிங் தீர்ப்பை வைத்துப் பார்த்தால் அது மேலே நின்றிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர், “போதும் சார், இத்தோட விட்ருங்க” என்றார். மற்ற இரு பெண்களும் தொடக்கத்திலேயே வேண்டாம் என்றிருந்தார்கள். எஞ்சிய பத்துப் பேருக்கு உயர் நீதிமன்ற உத்தரவின் நகலோடு 258இல் மனு போட்டோம். நடுவர் வழக்கை நிறுத்தினார்.

இனி இப்படியொரு வழக்கு வந்தால்

சம்மன் வந்த அன்றே எல்லா எதிரிகளையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, யாரும் அபராதம் கட்டிவிட வேண்டாம் என்று சொல்வதுதான் முதல் வேலை. மனுவில் சேராதவர்களுக்கும் இது பொருந்தும். 195உம் 468உம் பற்றிய ஆட்சேபத்தை முதல் வாய்தாவிலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். உயர் நீதிமன்றம் போவதாக இருந்தாலும் அந்தத் தாள் கோப்பில் கிடக்கட்டும். அமர்வு நீதிமன்றத்தில் அங்கன்வாடி உதவியாளருக்கு இல்லாமல் போனது அந்த ஒரு தாள்தான்.

தடையுறுத்தும் நீதிப்பேராணையை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. 188 மட்டுமே உள்ள வழக்காக இருந்திருந்தால் இந்தக் கணக்கு வேறு. அப்போதும் நான் குவாஷ் மனுவைத்தான் முன்னால் வைப்பேன். ஆனால் ரிட் என்பது அங்கே பொருளற்ற கோரிக்கையாக இருக்காது.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. 188இன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223 வந்திருக்கிறது, தண்டனையும் கூடியிருக்கிறது. 195, 258, 482 ஆகியவை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் முறையே 215, 281, 528. எழுத்துப் புகார் வேண்டும் என்ற தடை அப்படியே தொடர்கிறது. காலக்கெடு அப்படி இல்லை. 468க்குப் பதிலாக வந்த 514ஆம் பிரிவின் விளக்கம், முதல் தகவல் பதியப்பட்ட நாளையே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. சம்பவ நாளிலேயே பதிவான இதே வழக்கு இன்று வந்தால், இறுதி அறிக்கை ஒன்றரை ஆண்டு தாமதம் என்ற வாதம் எடுபடாது. ஒன்பது பேருக்கு 143உம் 341உம் ரத்தாக, குற்றக் கூறுகள் பொருந்தவில்லை என்ற வாதம் மட்டுமே மிச்சம் இருக்கும்.